ஊட்டி ஓவியங்களில் ஊட்டி எங்கே?

கோத்தகிரியிலோ கூக்காலிலோ ஒரு பள்ளிப் பிள்ளையிடம் தாளைக் கொடுத்து, இயற்கைக் காட்சி வரையச் சொல்லிப் பாருங்கள். இரண்டு முக்கோண மலை, நடுவில் பாதிச் சூரியன், அங்கிருந்து வளைந்து வரும் ஆறு, கரையில் குடிசை, பக்கத்தில் ஒரு தென்னை. ஜன்னலுக்கு வெளியே நிஜ மலை நிற்கிறது. அந்த உயரத்தில் தென்னையே கிடையாது. பிள்ளை மேல் குற்றமில்லை, நாம் சொல்லிக்கொடுத்தது அப்படி. பெரியவர்கள் வரைவதும் பெரும்பாலும் இதே கதைதான். தென்னை இருந்த இடத்தில் ஊசியிலை மரம், குடிசை இருந்த இடத்தில் மரவீடு, உச்சியில் வெள்ளைப் பனி. லாட்ஜ் வரவேற்பறையில் 'ஊட்டி' என்று மாட்டியிருக்கும் படத்தில் பல சமயம் இருப்பது சுவிட்சர்லாந்து.

கை வராததால் கெட்டுப்போகும் படங்களை விட, பார்க்காமல் வரைந்து கெட்டுப்போகும் படங்களே அதிகம் என்பது என் உறுதியான கருத்து. நீலகிரியையும் பழனி மலையையும் வரைய நினைப்பவர்கள் முதலில் கழற்றி வைக்க வேண்டியது இரவல் கண்ணை.

அந்தக் கண் எங்கிருந்து வந்தது? ஐரோப்பாவில் வெகுகாலம் மலையும் மரமும் சாமி படத்துக்கும் ராஜா படத்துக்கும் பின்திரையாகத்தான் இருந்தன. 1667-இல் பிரெஞ்சு ஓவிய அகாதமியில் ஃபெலிபியன் என்ற கலை எழுத்தாளர் ஓவிய வகைகளைத் தரம் பிரித்தபோது, புராண, வரலாற்றுப் படங்கள் உச்சியிலும் நிலக்காட்சி கடைசிக்குப் பக்கத்திலும் போயின. ரோமில் வாழ்ந்த ஓவியர் க்ளோட் லொரேன் அதற்குள் ஒரு வாய்பாடு போட்டுக் கொடுத்திருந்தார்: ஓரத்தில் இருண்ட மரம், நடுவில் நீர், தூரத்தில் பொன்னொளி. இருநூறு வருடம் ஆளாளுக்கு அதையே பிடித்துக்கொண்டார்கள். அதை மீறியவர்களைத்தான் எனக்குப் பிடிக்கும். தட்டையான நாட்டில் வாழ்ந்த டச்சு ஓவியர்கள் தொடுவானத்தைக் கீழே இறக்கி, படத்தில் முக்கால் பங்கை ஆகாயத்துக்கு எழுதிவைத்தார்கள். ஆங்கில ஓவியர் ஜான் கான்ஸ்டபிள் 1821, 1822-இல் லண்டனை ஒட்டிய ஹாம்ஸ்டெட்டில் உட்கார்ந்து மேகத்தை மட்டும் வரைந்தார். பல படங்களின் பின்புறம் தேதி, மணி, காற்றடித்த திசை எல்லாம் குறித்திருக்கிறார். அந்தப் பின்புறக் குறிப்பு ஒரு படிப்புக்குச் சமம்.

சீனர்கள் இதற்கெல்லாம் வெகு முன்னால். குவோ ஷி என்ற ஓவியர் 1072-இல் வரைந்த 'முன் இளவேனில்' படத்தில் மலைக்கு இடையே மூடுபனி இருக்கும் இடத்தில் அவர் ஏறக்குறைய எதுவும் வரையவில்லை. கீழிருந்து உச்சியை நிமிர்ந்து பார்ப்பது, முன்மலையைத் தாண்டிப் பின்மலையை எட்டிப் பார்ப்பது, பக்கத்து மலையிலிருந்து தூரத்து மலையைச் சமமாகப் பார்ப்பது என மூன்று தூரங்களை அவர் வகுத்தார். கொடைக்கானல் தூண் பாறைக்கு எதிரே நின்றால் மூன்றும் ஒரே இடத்தில் கிடைக்கும்.

நம் பக்கமும் வெறுங்கையில்லை. தொல்காப்பியம் நிலத்தையும் பொழுதையும் சேர்த்தே முதற்பொருள் என்றது. குறிஞ்சி என்றால் மலை மட்டுமா, கூதிர் என்ற குளிர்காலமும் முன்பனியும் யாமம் என்ற நள்ளிரவும் சேர்ந்ததுதானே. எந்த மாதம், எந்த வேளை என்று சொல்ல முடியாத மலைப்படம் பாதிப் படம். ஆனால் பாட்டில் வந்த இந்தப் பார்வை சுவருக்கு அவ்வளவாக வரவில்லை. சித்தன்னவாசல் விதானத்தின் தாமரைக் குளம் அதற்கு மிக அருகில் வருகிறது.

நீலகிரிக்கு வருவோம். கோயம்புத்தூர் கலெக்டர் ஜான் சல்லிவன் மேலே ஏறியது 1819. கொஞ்ச காலத்திலேயே ஸ்கெட்ச் புத்தகங்களும் மேலே ஏறிவிட்டன. ரிச்சர்ட் பேரன் என்ற ராணுவ அதிகாரி 1835-இல் தங்கி வரைந்த நீலகிரிக் காட்சிகள் 1837-இல் லண்டனில் அச்சாயின. டக்ளஸ் ஹாமில்டன் என்ற இன்னொரு ராணுவ அதிகாரி 1862 வாக்கில் அரசுக்காகப் பழனி மலை, ஆனைமலை, சேர்வராயன் மலைகளை நீளநீளமாக வரைந்தார். 1874-இல் ஆங்கில ஓவியர் எட்வர்ட் லியர் குன்னூருக்கும் ஊட்டிக்கும் வந்தார்.

இந்தப் பழைய படங்களை வெறும் வெள்ளைக்காரன் ரசனை என்று ஒதுக்குவது தவறு. ரிச்சர்ட் பேரனின் படங்களில் மலை முழுக்க மொட்டைப் புல்வெளி. மடிப்புகளில் மட்டும் சோலைக்காடு ஒதுங்கிக் கிடக்கிறது. இன்று அதே சரிவுகளில் கற்பூர மரமும் (யூகலிப்டஸ்) சீகையும் (வாட்டில்) பைனும் தேயிலையும். ஸ்கெட்ச்சைச் செதுக்கி அச்சுக்குக் கொண்டுபோனவர்கள் இந்த மலையைப் பார்த்திராத லண்டன் கைவினைஞர்களாக இருப்பது அந்தக் கால வழக்கம். அதனால் மரத்தின் இலை வடிவத்தை நம்பக் கூடாது, முன்னால் நிற்கும் அலங்கார மரத்தையும் நம்பக் கூடாது. ஆனால் புல்லும் சோலையும் பிரியும் கோட்டை நம்பலாம். மொட்டை மலையைக் கற்பனையாகச் சேர்க்க யாருக்கும் காரணமில்லை, வாங்குகிறவர்கள் கேட்டதே அடர்ந்த மரம்தான். நிலக்காட்சி ஓவியம் ஏன் மனதைப் பிடிக்கிறது என்பதற்கு ஆயிரம் பதில் சொல்லலாம். காணாமல் போன ஒரு நிலத்தை அது சாட்சியாகச் சொல்கிறது என்ற பதில் எனக்கு எல்லாவற்றுக்கும் மேலே.

லியரின் முறை இந்த மலைக்கென்றே பிறந்தது போலிருக்கிறது. நின்ற இடத்தில் பென்சிலால் வேகமாக வரைவார், படத்தின் மேலேயே நிறங்களைச் சொற்களாக எழுதுவார், தேதியும் பல படங்களில் மணியும் குறிப்பார். பிறகு மையால் கோடுகளை உறுதிப்படுத்தி மெல்லிய வண்ணம் கொடுப்பார். பத்து நிமிடத்தில் மேகம் வந்து மூடிவிடும் ஊரில் இதைவிடப் பாதுகாப்பான வழி இல்லை. 2பி பென்சில் போதும். ஈரக்காற்றில் மைப்பேனா கசியும், பென்சில் கசியாது. 'வலப்பக்கச் சரிவு, மங்கிய காவி கலந்த பச்சை, காலை 7.40' என்ற ஒரு வரிக் குறிப்பு, போன் போட்டோவை விட மேல். போன் கேமரா மூடுபனியைப் பார்த்ததும் வெளிச்சத்தையும் நிறத்தையும் தன் இஷ்டத்துக்குத் திருத்திவிடுகிறது.

மூடுபனியைத்தான் எல்லோரும் கெடுக்கிறார்கள், அதனால் அதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். டால்பின் நோஸ் காட்சிமுனைப் பக்கம் அடுக்கடுக்காக நிற்கும் மலைமுகடுகளை உற்றுப் பாருங்கள். ஒவ்வொரு மலையும் உச்சியில் கருமையாகவும் அடியில் வெளிறியும் இருக்கும். பனி பள்ளத்தில் தங்குவதால் அடிவாரத்தைத்தான் அது முதலில் விழுங்கும். நம் கை இதற்கு நேர்மாறாகப் போகும். மலைக்கு 'கனம்' வேண்டும் என்று அடியில் அடர்த்தியாகத் தீட்டிவிடுவோம். அந்த நிமிடமே மலை காகிதத்தில் ஒட்டிய அட்டையாகிவிடும்.

வாட்டர் கலரில் செய்யும் முறை இது. தூரத்து முகட்டிலிருந்து தொடங்குங்கள். அல்ட்ராமரின் நீலத்தில் ஒரு துளி பர்ன்ட் சியன்னா என்ற செம்பழுப்பு, மிகவும் நீர்த்து. மேல் விளிம்பைக் கூர்மையாக இழுத்துவிட்டு, அது காய்வதற்குள் சுத்தத் தண்ணீரில் நனைத்துப் பிழிந்த தூரிகையால் கீழ் விளிம்பைத் துடைத்துக் கரைத்துவிடுங்கள். முழுக்கக் காய்ந்த பிறகே அடுத்த முகடு. அது இன்னும் சற்று அடர்த்தி, சற்று பச்சை. நான்கு முகடு போதும், ஐந்தாவது போட்டால் படிக்கட்டு மாதிரி ஆகிவிடும். வெள்ளை பெயின்டைத் தொடாதீர்கள், சுண்ணாம்பு பூசியது போல் செத்த நிறம் வரும். பனியின் வெண்மை காகிதத்திலிருந்துதான் வர வேண்டும். அதுவும் முழு வெண்மை இல்லை. வெயிலை நோக்கிய பக்கம் லேசாகக் காவி, எதிர்ப்பக்கம் சாம்பல்.

இதில் நடக்கும் விபத்து, காலிஃபிளவர் போல விரியும் கறை. மதுரையில் சில நிமிடங்களில் காயும் பூச்சு, பனி இறங்கிய குன்னூரில் அரை மணி ஆனாலும் ஈரமாகவே கிடக்கும். காய்ந்துவிட்டது என்று நம்பி அதிக ஈரமான தூரிகையை வைத்தால், புதுத் தண்ணீர் பழைய நிறத்தை ஓரத்துக்குத் தள்ளி அங்கே கோடாகச் சேர்த்துவிடும். தாளைச் சாய்த்து வெளிச்சத்தில் பாருங்கள், பளபளப்பு இருந்தால் தொடக் கூடாது. புறங்கையை மெல்ல வைத்துப் பாருங்கள், சில்லென்று இருந்தால் இன்னும் காயவில்லை. 300 ஜி.எஸ்.எம். எடையுள்ள கெட்டியான பருத்தித் தாளை வாங்குங்கள், விலை அதிகம்தான், அதற்கு ஈடாகத் தாளைச் சின்னதாக வெட்டிக்கொள்ளுங்கள். முழுத்தாள் 22க்கு 30 அங்குலம். அதை எட்டாக வெட்டினால் ஒவ்வொன்றும் 7.5க்கு 11, இந்த மலைக்கு அந்த அளவு தாராளம். மெல்லிய கார்ட்ரிட்ஜ் தாள் ஈரத்தில் அலை அலையாகப் புடைத்து, நிறம் பள்ளத்தில் தேங்கிவிடும்.

வெளிச்சத்திலும் இரவல் கண்தான் குழி பறிக்கிறது. ஐரோப்பியப் படங்களின் சாய்ந்த பொன்னொளி அவர்கள் ஊர் வெளிச்சம். லண்டனில் கோடை உச்சியில்கூட நடுப்பகல் சூரியன் ஏறக்குறைய 62 பாகைக்கு மேல் ஏறாது. ஊட்டி 11 பாகைச் சொச்சம் வடக்கில் இருக்கிறது. ஏப்ரல் பிற்பாதியிலும் ஆகஸ்ட் பிற்பாதியிலும் சூரியன் தலைக்கு நேர் மேலே. பகல் பதினொன்று முதல் மூன்று வரை மலைமடிப்புகள் நிழலின்றித் தட்டையாகிவிடும். காலை ஏழு முதல் ஒன்பதரை, மாலை நான்கு முதல் ஆறு, இவைதான் வேலை நேரம். நிழலை முதலில் குறித்துக்கொண்டு, நகர்ந்தபின் திருத்தாமல் இருக்க வேண்டும்.

பச்சைக்கு வருவோம். ட்யூபிலிருந்து பிதுக்கிய சாப் கிரீனை மலை முழுக்கப் பூசுவதுதான் இன்னொரு பெரிய கேடு. சோலை பச்சை மட்டுமல்ல. தளிர்விடும் காலத்தில் நாவல் இனங்களும் லவங்க இனங்களும் செம்பு, ரத்தச் சிவப்பு, வெளிர் ரோஜா என்று நிறம் மாறி நிற்கும். மரத்தலைகள் உருண்டு நெருங்கியிருக்கும், ஒன்றும் ஊசிபோல நிற்காது. அல்ட்ராமரின், பர்ன்ட் சியன்னா, ஒரு மஞ்சள் இந்த மூன்றையே மாற்றிக் கலந்தால் சோலை வந்துவிடும். கற்பூர மரத்துக்கு நீலம் கலந்த சாம்பல் பச்சை. தேயிலை வேறு கதை: மேல்மட்டம் மட்டும் மஞ்சள் பச்சையாக ஒளி வாங்கும், செடிகளுக்கு இடைப்பட்ட பாதை கறுப்பாக ஓடும். அந்தப் பாதைக் கோடுகள் சரிவின் வளைவோடு வளைய வேண்டும். நேர்கோடாக இழுத்தால் மலை மறைந்து பாய் விரித்தது தெரியும்.

டிசம்பர், ஜனவரியில் உறைபனியை வரையப் போகிறவர்களுக்கு: வெள்ளை உச்சியில் வராது, பள்ளத்தில் வரும். குளிர்ந்த காற்று கனமாக இறங்கி அடியில் தேங்குவதால் தலைக்குந்தா போன்ற தாழ்வுகளில் புல் வெளுத்திருக்கும், மேட்டில் பழுப்பாகவே இருக்கும். வெயில் பட்ட இடம் உடனே பச்சையாகும், நிழல் விழுந்த இடத்தில் மட்டும் வெள்ளை நீடிக்கும், அதாவது வெள்ளையின் எல்லை நிழலின் எல்லைதான். அந்தக் குளிரில் அக்ரிலிக் வேண்டாம். ஏறக்குறைய 10 டிகிரிக்குக் கீழே போனால் அதன் படலம் சரியாகப் பிணையாது, காய்ந்ததும் பொடிந்து வெடிக்கும்.

இந்த மலையை இரவல் கண் இல்லாமல் பார்த்தவர்கள் இங்கேயே இருக்கிறார்கள் என்பதையும் சொல்ல வேண்டும். நீலகிரிப் பழங்குடிகளான ஆலு குறும்பரின் ஓவியங்களில் தேன் பாறை வரும், கயிற்றில் தொங்கும் ஆள் வருவார், கூடு வரும். நிறம் வேங்கை மரப் பிசினிலும் மண்ணிலும் இலைச்சாற்றிலும் எடுத்தது. அதில் தூரம் இல்லை, நீலம் இல்லை, தொடுவானம் இல்லை. வியூ பாயின்ட்டில் நிற்பவர் பார்க்கும் மலைக்கும், பாறையில் தொங்குபவர் பார்க்கும் மலைக்கும் வித்தியாசம் இருக்காதா? கீழ்க்கோத்தகிரிப் பக்கம் கரிக்கையூர்ப் பாறை ஓவியங்கள் இதற்கெல்லாம் முந்தியவை. நம் ஓவியப் பள்ளிகள் க்ளோட் லொரேனுக்குக் கொடுக்கும் நேரத்தில் பாதியாவது இவற்றுக்குக் கொடுக்க வேண்டும்.

வரைந்து முடித்ததை வைக்கும் விதமும் மலையில் தனி. கண்ணாடியோடு தாளை ஒட்டி ஃபிரேம் போடாதீர்கள், ஈரம் உள்ளே வேர்த்து ஒரே மழைக்காலத்தில் பூஞ்சைப் புள்ளி விழும். இடையில் மவுன்ட் அட்டை வைத்து இடைவெளி விடுங்கள். வெளிச்சுவரில் மாட்டாமல் உட்சுவரில் மாட்டுங்கள், ஃபிரேமின் பின்னால் நான்கு மூலையிலும் கார்க் துண்டு ஒட்டினால் காற்று ஓடும். ஃபிரேம் போடாத தாள்களை டப்பாவில் சிலிகா ஜெல் பையோடு வையுங்கள். ஜூன், அக்டோபர் இரண்டு மழைக்கும் முன்னால் பழைய பையை எடுத்துவிட்டுப் புதுப் பை வையுங்கள்.