ஜே மட்டும் வாய் திறக்காது

(சிங்கப்பூர், விக்டோரியா ஸ்திரீட், சைம்ஸ் (CHIJMES) மண்டபம். ஒரு காலத்தில் கான்வென்டின் சாப்பல், அதாவது தேவாலயம். வேலைநாள் மதியம், ஆளில்லை. மகளின் கல்யாண விருந்துக்கு இடம் பார்க்க வந்திருக்கிறார்கள். சுந்தரம் முப்பது வருடம் டாக்சி ஓட்டி ஓய்வு பெற்றவர். கமலா இங்கேயே படித்தவர், இது கான்வென்டாக இருந்த காலத்தில். மகள் பிரியா மெனு பேச வெளியே போயிருக்கிறாள்.)

கமலா: (மிகவும் தாழ்ந்த குரலில்) என்னங்க, செருப்பை ஏன் கழற்றினீர்கள்?

சுந்தரம்: நான் எங்கே கழற்றினேன்? வாசலைப் பார்த்ததும் காலே கழற்றிவிட்டது. நீ மட்டும் என்ன, நுழைந்ததும் சுவரைத் தடவினாய்?

கமலா: அங்கே தீர்த்தத் தொட்டி இருந்தது. பத்து வருடம் விரலை நனைத்து நெற்றியில் வைத்த பழக்கம். கை தானாகப் போய்விட்டது.

சுந்தரம்: தண்ணீர் இருந்ததா?

கமலா: சுவிட்ச் இருந்தது.

சுந்தரம்: ஓ, அதுதான் விளக்கு ஒரு தடவை அணைந்து எரிந்ததா! நான் ஏதோ அருள் என்று நினைத்துக் கன்னத்தில் போட்டுக்கொண்டேன். சரி, ஏன் இப்படிக் கிசுகிசுக்கிறாய்? யார் இருக்கிறார்கள் இங்கே?

கமலா: சாப்பலுக்குள் பேசக்கூடாது.

சுந்தரம்: சாப்பலை மூடித்தான் நாற்பது வருடத்துக்கு மேல் ஆகிறதே!

கமலா: 1983 நவம்பரில் கடைசிப் பூசை. நானும் வந்திருந்தேன். அதோடு பள்ளிக்கூடம் தோ பாயோவுக்குப் போய்விட்டது. இந்தக் கட்டடத்தின் புனிதத்தையும் முறைப்படி எடுத்துவிட்டார்கள்.

சுந்தரம்: அதெப்படிப் புனிதத்தை எடுப்பார்கள்? வயர் மாதிரி பிடுங்கிவிடுவார்களா?

கமலா: நம் கோயிலில் கும்பாபிஷேகத்துக்கு முன்னால் பாலாலயம் செய்து, சாமியைக் கலசத்தில் ஆவாகனம் செய்து வேறு இடத்தில் வைப்பார்களே, அது போல என்று வைத்துக்கொள்ளுங்கள்.

சுந்தரம்: அப்புறம் திரும்பக் கொண்டுவருவார்களே.

கமலா: இங்கே கொண்டுவரவில்லை. 1990ல் தேசிய நினைவுச் சின்னம் என்று அறிவித்தார்கள். அப்புறம் வருடக்கணக்கில் பழுது பார்த்தார்கள். 1996ல் திறந்தால், சாப்பாட்டுக் கடையும் பாரும்!

சுந்தரம்: கும்பாபிஷேகம் நடந்திருக்கிறது. கும்பத்தில்தான் வேறு சரக்கு.

கமலா: மெதுவாக! நான் கைத்தையல் படித்த வகுப்பு எங்கே என்று வரும்போது தேடினேன். ஆங்கில எழுத்தில் விளக்குப் போட்டு, ஒன்று வாங்கினால் ஒன்று இலவசம் என்று எழுதியிருக்கிறது.

சுந்தரம்: ஹேப்பி ஹவர். அந்த வகுப்பு எனக்கும் தெரியும். அங்கே பாஸ் பண்ணி வெளியே வந்தவர்களை ராத்திரி இரண்டு மணிக்கு நான்தான் வீட்டில் இறக்கிவிட்டிருக்கிறேன். சிலபேர் பின்சீட்டிலேயே ஒப்பித்துவிடுவார்கள்.

கமலா: சீ!

சுந்தரம்: எனக்கு சைம்ஸ் என்றால் அந்த வாடைதான். முதல் தடவை ஒரு பயணி எழுதிக்காட்டியபோது 'சிஜ்மெஸ்' என்று படித்தேன். அவன் குடித்திருந்தும் என்னைத் திருத்தினான். நடுவில் எதற்கு அந்த ஜே?

கமலா: சி-எச்-ஐ-ஜே. கான்வென்ட் ஆஃப் தி ஹோலி இன்ஃபன்ட் ஜீசஸ், எங்கள் கான்வென்டின் முதலெழுத்துகள். அந்த நாலு எழுத்தையும் அப்படியே வைத்து, பின்னால் மூன்று சேர்த்து, சைம்ஸ் என்று மணியோசை மாதிரி ஆக்கிவிட்டார்கள். ஜே இருக்கும், ஆனால் உச்சரிக்கக்கூடாது.

சுந்தரம்: பார்த்தாயா, இந்த இடத்தில் சிஸ்டர் பேச்சைக் கேட்டு இன்னும் வாயைத் திறக்காமல் இருப்பது அந்த ஜே ஒன்றுதான்.

(கமலாவுக்குச் சிரிப்பு வருகிறது. கையால் வாயைப் பொத்திக்கொண்டு பின்னால் திரும்பிப் பார்க்கிறார்.)

சுந்தரம்: யாரும் இல்லை, தைரியமாகச் சிரி. மேலே பார், அந்த வண்ணக் கண்ணாடி!

கமலா: பெல்ஜியத்தில் புரூஜ் நகரத்தில் செய்து கப்பலில் வந்தது. இந்தச் சாப்பல் 1904ல் கட்டி முடித்தது. கட்டடத்துக்கு வரைபடம் போட்டவர் நேன் என்ற பிரெஞ்சுப் பாதிரியார். அந்தப் பக்கம் வெள்ளையாக ஒரு வீடு தெரிகிறதே, கால்ட்வெல் ஹவுஸ், அது இன்னும் பழசு. 1840ல் கட்ட ஆரம்பித்தது. கட்டடக் கலைஞர் கோல்மன் கட்டியது.

சுந்தரம்: கோல்மன் ஸ்திரீட் கோல்மனா? அந்தத் தெருவில் ஒரு நிமிடம் டாக்சியை நிறுத்த முடிந்ததில்லை எனக்கு.

கமலா: தூண்களின் தலையைப் பாருங்கள். மொத்தம் 648. ஒவ்வொன்றிலும் இலை, கொடி, பறவை. ஒன்று மாதிரி இன்னொன்று கிடையாது.

சுந்தரம்: நீ எண்ணினாயா?

கமலா: எண்ண முயன்றேன். பூசை நேரத்தில் வேறு என்ன வேலை? நாற்பது தாண்டும்போது 'முழங்காலிடுங்கள்' என்பார்கள். எழுந்தால் எங்கே விட்டோம் என்று மறந்துவிடும். பத்து வருடமும் முதல் நாற்பதையேதான் எண்ணினேன். 648 என்று பிற்பாடு படித்துத்தான் தெரிந்துகொண்டேன்.

சுந்தரம்: பெஞ்செல்லாம் எங்கே?

கமலா: (சுற்றிப் பார்த்து, இன்னும் தாழ்ந்த குரலில்) போனதும் ஒரு வகையில் நல்லதுதான். மூன்றாவது வரிசையில் அடிப்பக்கம் நான் சூயிங்கம் ஒட்டி வைத்திருந்தேன்.

சுந்தரம்: கமலா!

கமலா: 1972ல். அப்போது தடை இல்லை. தடை வந்தது 1992ல்தானே.

சுந்தரம்: தேசிய நினைவுச் சின்னத்தில் சூயிங்கம்! முப்பத்தைந்து வருடமாக ஒரு குற்றவாளியோடு குடித்தனம் நடத்தியிருக்கிறேன். 1990ல் அறிவித்தபோது பெஞ்சு இங்கே இருந்திருந்தால் உன் சூயிங்கமும் பாதுகாக்கப்பட்டிருக்கும். பக்கத்தில் ஒரு பலகை வைத்திருப்பார்கள்.

கமலா: அதைவிடுங்கள். வெளியே சாலையோரம் ஒரு சின்னக் கதவு இருக்கிறது, பார்த்திருக்கிறீர்களா?

சுந்தரம்: அங்கே ஒரு தடவை சவாரி எடுத்திருக்கிறேன். ஒரு ஆளை அவன் நண்பர்கள் கதவோரம் சாய்த்துவிட்டு ஓடிவிட்டார்கள். டை கட்டியிருந்தான். பேர் கேட்டால் தெரியவில்லை.

கமலா: அதற்குப் பேர் நம்பிக்கை வாசல். வளர்க்க முடியாதவர்கள் குழந்தையைக் கூடையில் வைத்து அங்கே விட்டுவிட்டுப் போவார்கள். புலி ஆண்டில் பிறந்த பெண் என்றால் ராசியில்லை என்று விட்டவர்களும் உண்டு. சிஸ்டர்கள் 1854ல் வந்ததிலிருந்து அநாதை இல்லம் நடந்தது. எனக்குப் பூத்தையல் சொல்லிக்கொடுத்த ஆண்ட்டி அப்படிக் கூடையில் வந்தவர்தான். மாடத்தி அக்கா கல்யாணத்துக்கு நான் தைத்த தலையணை உறை இருக்கிறதே, அந்தத் தையல்.

(சுந்தரம் கொஞ்ச நேரம் பேசவில்லை.)

சுந்தரம்: அந்த டை கட்டினவனிடம் நான் காசு வாங்கவில்லை.

கமலா: நிஜமாகவா?

சுந்தரம்: பர்ஸ் இல்லை அவனிடம்.

(மகள் வைத்துவிட்டுப் போன தாள்களைக் கமலா எடுக்கிறார்.)

கமலா: பிரியா என்னென்னவோ எழுதி வைத்திருக்கிறாள். 'நடைபாதையில் தண்ணீர்' என்கிறாள். இதென்ன?

சுந்தரம்: 2018ல் ஒரு ஹாலிவுட் படத்தில் சர்ச் கல்யாணம் வருமே, அதை இங்கேதான் எடுத்தார்கள். மணப்பெண் நடந்துவர, நடுவில் தண்ணீர் ஓடும். அதைப் பார்த்துவிட்டு இவளுக்கும் ஆசை.

கமலா: காலையில் பெருமாள் கோயிலில் தாலி கட்டிவிட்டு, சாயங்காலம் பட்டுப்புடவையோடு தண்ணீரில் நடக்கப் போகிறாளா?

சுந்தரம்: வேண்டவே வேண்டாம். தேங்கின தண்ணீர் லா! ஒரு ஏடிஸ் கொசு முட்டை போட்டால் போதும், பூத்தொட்டித் தட்டில் தண்ணீர் நின்றதற்கே நம் பக்கத்து வீட்டில் அபராதம் கட்டினார்கள். கல்யாணத்தன்று டார்ச் அடித்துக்கொண்டு அதிகாரிகள் மாப்பிள்ளை காலுக்கு நடுவே பார்ப்பார்கள்.

கமலா: தண்ணீரை அடித்துவிடுகிறேன். கோட்டேஷன் பார்த்தீர்களா?

சுந்தரம்: பார்த்தேன். கண்ணாடியைக் கழற்றிவிட்டுத்தான் பார்த்தேன். ஒரு சந்தேகம். புனிதத்தை எடுத்தபோது சிலுவையையும் எடுத்திருப்பார்கள்தானே?

கமலா: ஆமாம்.

சுந்தரம்: விலைக்குப் பக்கத்தில் இரண்டு சிலுவை இருக்கிறதே.

கமலா: அது பிளஸ் பிளஸ். பரிமாறுகிற கட்டணம் பத்து சதவீதம், அப்புறம் ஜிஎஸ்டி ஒன்பது சதவீதம்.

சுந்தரம்: அந்தக் காலத்தில் ஒருவர்தான் சிலுவையைச் சுமந்தார், அதுவும் ஒன்றுதான். நான் மேசைக்கு இரண்டு சுமக்க வேண்டும், முப்பது மேசைக்கு.

கமலா: உஷ்! அந்தச் சாமியை இழுக்காதீர்கள்.

சுந்தரம்: இங்கேதான் இப்போது இல்லை என்றாயே.

கமலா: இல்லைதான். இருந்தாலும்... (மேசை வரைபடத்தைப் பார்த்துத் திடுக்கிடுகிறார்) என்னங்க! முதல் மேசையை எங்கே போட்டிருக்கிறார்கள் பாருங்கள்!

சுந்தரம்: அந்தத் தூணுக்குப் பக்கத்தில். பெண்ணைப் பெற்றவர்கள் மேசை. நல்ல இடம்தானே, மேடைக்கும் நேர்.

கமலா: மேலே மூக்கு நீண்ட பறவை ஒன்று இருக்கிறதா?

சுந்தரம்: இருக்கிறது. உன்னையே பார்க்கிறது.

கமலா: பூசையில் பேசினேன் என்று சிஸ்டர் என்னை நிற்க வைத்த தூண் அதுதான். விரல் உதட்டில், முகம் தூணைப் பார்த்து. ஒரு மணி நேரம். அங்கே உட்கார்ந்தால் எனக்குப் பிரியாணி இறங்காது.

சுந்தரம்: அன்றைக்கு சும்மா நிற்க விட்டார்கள். இன்றைக்கு உட்காரக் காசு கேட்கிறார்கள், மரியாதைக் குறைவு ஒன்றும் இல்லை. வேறு மேசை மாற்றச் சொன்னால் காரணம் கேட்பார்கள். என்ன சொல்வாய், பறவை முறைக்கிறது என்றா?

(மேடையில் ஓர் ஒலிபெருக்கிப் பையன் வருகிறான். "மைக் டெஸ்ட், ஒன், டூ..." மண்டபம் அதிர்கிறது.)

கமலா: (திரும்பி, முழுக் குரலில்) உஷ்ஷ்ஷ்!

(பையன் சட்டென்று நிறுத்துகிறான். கையை முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொள்கிறான். சுந்தரம் எப்போது எழுந்து நின்றார் என்று அவருக்கே தெரியவில்லை.)

சுந்தரம்: அம்மாடி. முப்பத்தைந்து வருடமாக வீட்டில் நான் கேட்கிற அதே உஷ். இந்த இடத்தில் செய்தது என்று இன்றைக்குத்தான் தெரிந்தது.

கமலா: (வெட்கத்துடன்) தம்பி, நீங்கள் பேசுங்கள். பழக்கதோஷம்.

(பையன் தயங்கி, மைக்கை சுந்தரத்திடம் நீட்டுகிறான். பெண்ணின் அப்பா அன்றைக்கு நாலு வார்த்தை பேசுவாராம், குரல் அளவு பார்க்க வேண்டுமாம். சுந்தரம் மேடை ஏறுகிறார். கமலாவைப் பார்க்கிறார். தூணைப் பார்க்கிறார். தொண்டையைக் கனைக்கிறார்.)

சுந்தரம்: (மைக்கில், காற்று மட்டும் வரும்படி) எல்லோருக்கும் வணக்கம்...

பையன்: அங்கிள், சத்தமாக!

சுந்தரம்: (அதே குரலில்) தம்பி, முதலில் என் செருப்பை எடுத்துவா.