குவாசர் ஒளி பெல் சோதனையின் ஓட்டையை அடைத்துவிட்டதா?
பின்னிப்பிணைந்த துகள் ஜோடியைத் தனித்தனியே அளந்து, விடைகள் ஒத்துப்போவதை முன்பே குறித்துவைத்த சாதாரணக் காரணங்களால் விளக்க முடியுமா என்று பார்ப்பதுதான் பெல் சோதனை. 2018-இல் குவாசர் (வெகுதொலைவில் பிரகாசிக்கும் விண்மீன் மண்டல மையம்) ஒளியை வைத்துச் செய்த பெல் சோதனையோடு, அளவீட்டைத் தேர்ந்தெடுக்கும் சுதந்திரம் பற்றிய ஓட்டை அடைபட்டுவிட்டது என்று நான் படித்த கட்டுரை ஒன்று சொல்வதை என்னால் ஏற்க முடியவில்லை. அடைபடவில்லை, தள்ளிப்போயிருக்கிறது, அவ்வளவுதான். மதுரை கீழமாசி வீதியில் அப்பா அரிசி வியாபாரம் பார்த்தார். லோடு வந்தால் நூறு மூட்டையில் நாலைந்தைத்தான் குத்தூசியால் குத்திப் பார்ப்பார். எதைக் குத்துவார் என்று அனுப்பியவனுக்கு முன்பே தெரிந்தால் அந்த மூட்டைகளில் மட்டும் நல்ல அரிசியைப் போட்டுவிடலாமே! பெல் சோதனையிலும் இதே சந்தேகம்தான். துகள் ஜோடியும், அதை எந்தக் கோணத்தில் அளப்பது என்ற தேர்வும் ஏதோ பழைய பொதுக் காரணத்தால் பேசிவைத்த மாதிரி அமைந்திருந்தால், பெல் சமனின்மை (சாதாரணக் காரணங்களால் எட்டக்கூடிய ஒற்றுமையின் எல்லை) மீறப்படுவதில் ஆச்சரியமே இல்லை. 2018 சோதனையில் அளக்கும் கோணத்தைத் தீர்மானித்தது குவாசர் ஒளியின் நிறம். ஸ்பெயினின் லா பால்மா தீவில் தொலைநோக்கிகள் பிடித்த ஒளி குவாசர்களை விட்டுக் கிளம்பிக் குறைந்தது 780 கோடி ஆண்டுகள் ஆகின்றன. ஆக, அந்தக் கூட்டுச் சதி அதற்கும் முன்பே நடந்திருக்க வேண்டும். பிரமாதமான வேலை, மறுக்கவில்லை. ஆனால் பெருவெடிப்பிலேயே எல்லாம் முடிவாகிவிட்டது என்று சாதிப்பவரின் வாயை எந்தச் சோதனையாலும் அடைக்க முடியாது. அந்தக் கட்டுரைக்குக் கருத்து எழுதிய ஒருவர், 2016-இல் சுமார் ஒரு லட்சம் பேர் அளவீட்டைத் தேர்ந்தெடுக்க 0, 1 என்று தட்டிக் கொடுத்தார்களே, அது போதாதா என்கிறார். அதுவும் போதாது. தேர்வு ஒரு பக்கம் கொஞ்சம் சாய்ந்தால்கூடச் சமாளிக்கலாம், எதிராளி ஊகிக்க முடியாமல் இருக்க வேண்டும். அப்பா பெரும்பாலும் ஓரத்து மூட்டையைத்தான் குத்துவார், அது லாரிக்காரர் வரைக்கும் தெரியும்.