வரைபடத்தில் நானும் ஒரு சிவப்புப் புள்ளி

போன வாரம் நண்பர் ஒருவர் வீட்டு விருந்தில் பேச்சு பேஸ்பால் பக்கம் திரும்பியது. "அட்லாண்டா பிரேவ்ஸ் அணி நகரத்தை விட்டு நம் புறநகர்ப் பக்கம் வந்தது நாம் செய்த புண்ணியம்" என்றார் ஒருவர். "வந்திருக்கக் கூடாது" என்று நான் சொல்லிவிட்டேன். பிரியாணி ஆறும்வரை வாக்குவாதம். கடைசியில் அவர் ஒரே கேள்வியில் என் வாயை அடைத்தார்: "ஆல்ஃபரெட்டாவில் வீடு, வாசலில் இரண்டு கார், வருடத்துக்கு நாலு தடவை பிள்ளைகளோடு அதே மைதானம். உங்களுக்கு என்ன குறை?"

எனக்கு ஒரு குறையும் இல்லை. சிக்கலே அதுதான். அங்கே சொல்ல வராததை இங்கே எழுதுகிறேன். நீளும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

2006-இல் அட்லாண்டாவின் ஜார்ஜியா மாநிலப் பல்கலைக்கழகத்துக்கு முதுகலை படிக்க வந்தேன். நகரின் நடுவில் நான்கு பேர் பகிர்ந்துகொண்ட வீடு. கார் கிடையாது, ஓட்டவும் தெரியாது. கிரிக்கெட் இல்லாத ஊரில், மட்டையும் பந்தும் இருக்கிற எதையாவது கண்ணால் பார்த்தால் போதும் என்ற தவிப்பு. பிரேவ்ஸின் அப்போதைய மைதானமான டர்னர் ஃபீல்டில் ஆட்டத்தன்று வரிசையில் நின்றால் உச்சி வரிசைக்கு ஒரு டாலருக்கு டிக்கெட் உண்டு என்று அறைத்தோழன் கேள்விப்பட்டு வந்து சொன்னான். நெடுஞ்சாலையைக் கடந்து நடந்தே போனோம். பிரேவ்ஸ் வீரர் ஆண்ட்ரூ ஜோன்ஸ் எங்கிருந்தோ ஓடிவந்து, விழப்போகும் பந்தைச் சோம்பலாகக் கைநீட்டி வாங்கியதைப் பார்த்தேன். ஆட்டத்தின் விதிகளில் பாதி புரியவில்லை. பக்கத்தில் உட்கார்ந்திருந்த முதியவர், நகரப் பேருந்து ஓட்டி ஓய்வுபெற்றவர், ஒவ்வொரு இன்னிங்ஸுக்கும் பாடம் நடத்தினார். அவரும் பேருந்தில்தான் வந்திருந்தார். (1991 முதல் 2005 வரை, வேலைநிறுத்தத்தால் பாதியில் நின்ற 1994-ஐத் தவிர, ஒவ்வோர் ஆண்டும் தங்கள் பிரிவில் முதலிடம் பிடித்த அணி அது. நான் வந்த 2006-இல்தான் அந்தத் தொடர் அறுந்தது. என் ராசி அப்படி.)

பிறகு வேலை கிடைத்தது, கார் வந்தது, கல்யாணம் ஆனது. பள்ளிக்கூடம் நன்றாக இருக்கிறது என்று எல்லோரையும் போல நாங்களும் வடக்கே குடிபெயர்ந்தோம். 2013 நவம்பர் 11 அன்று அந்த அறிவிப்பு வந்தபோது நான் முழுப் புறநகர்வாசி. டர்னர் ஃபீல்டின் குத்தகை 2016-உடன் முடிகிறது; அதன்பின் நகரத்துக்கு வடமேற்கே உள்ள காப் கவுண்டியில் (கவுண்டி என்பது நம்மூர் மாவட்டம் போல), 75-ஆம் எண் நெடுஞ்சாலையும் 285-ஆம் எண் சுற்றுச்சாலையும் சந்திக்கும் இடத்தில் 67.2 கோடி டாலரில் புது மைதானம் என்றார்கள். டர்னர் ஃபீல்டு 1996 ஒலிம்பிக்ஸுக்காகக் கட்டப்பட்டு மறு ஆண்டு பேஸ்பாலுக்காக மாற்றப்பட்டது. அதாவது இருபது பருவம் ஆடிய மைதானம் "பழசாகிவிட்டது".

அறிவிப்போடு அணி ஒரு வரைபடத்தையும் வெளியிட்டது. டிக்கெட் வாங்குகிறவர்கள் எங்கே வசிக்கிறார்கள் என்று சிவப்புப் புள்ளிகளாகக் குறித்த படம். நகரத்துக்கு வடக்கே அம்மை போட்டதுபோல ஒரே சிவப்பு. தெற்கே அங்கொன்றும் இங்கொன்றும். புது மைதானம் அந்தச் சிவப்புக் காட்டின் ஓரத்தில் விழுந்தது. "ரசிகர்கள் இருக்கும் இடத்துக்கு நாங்கள் போகிறோம்" என்பது வாதம். கேட்க நியாயமாக இருக்கும். அன்று அந்தப் படத்தில் என் வீட்டைத் தேடிக் கண்டுபிடித்துக் கொஞ்சம் பெருமைப்பட்டேன் என்பதையும் மறைக்கவில்லை.

ஒரு டாலர் கொடுத்து ஆட்டத்தன்று வரிசையில் டிக்கெட் வாங்கியவனிடம் முகவரியை யாரும் கேட்டதில்லை என்பது பிற்பாடுதான் உறைத்தது. 2006-இல் நான் எந்தப் படத்திலும் புள்ளி இல்லை. அந்தப் பேருந்து ஓட்டுநரும் இருந்திருக்க மாட்டார். ஏற்கெனவே யார் பணம் கொடுக்கிறார் என்று பார்த்து இடம் தேர்ந்தெடுத்தால், இனிமேல் யார் வரக்கூடும் என்ற கேள்வி எழவே எழாது.

இதில் எனக்கு அடங்காத எரிச்சல் ஒன்று உண்டு. டர்னர் ஃபீல்டைப் பற்றி அணி சொன்ன குறைகளில் ஒன்று, அங்கே பொதுப் போக்குவரத்து சரியில்லை என்பது. உண்மைதான். அட்லாண்டாவின் பொதுப் போக்குவரத்து அமைப்பான மார்ட்டாவின் ரயில் வாசல்வரை போகாது. ஃபைவ் பாயிண்ட்ஸ் நிலையத்தில் இறங்கி வேறு பேருந்து பிடிக்க வேண்டும், அல்லது ஒரு மைல் நடக்க வேண்டும். அந்தக் குறையைத் தீர்க்க அவர்கள் போன இடத்தில் ரயிலே கிடையாது! 1965-இல் மார்ட்டாவில் சேரலாமா என்று கேட்டபோதே காப் கவுண்டி வாக்காளர்கள் வேண்டாம் என்றார்கள். மைதானம் வரப்போகிறது என்றதும், அந்த ஊர் குடியரசுக் கட்சித் தலைவர், கார்கள் வந்துபோகும் வழியைப் பார்த்தால் போதும், அட்லாண்டாவிலிருந்து ரயிலில் ஆட்களைக் கொண்டுவருவது தீர்வல்ல என்று பகிரங்கமாகவே சொன்னார். நகரின் கறுப்பின மக்களை மனத்தில் வைத்துச் சொன்னார் என்றுதான் இங்கே பத்து வருடம் வாழ்ந்த எவருக்கும் தோன்றும். 2024 நவம்பரில் போக்குவரத்துக்கென ஒரு விழுக்காடு விற்பனை வரி கேட்டார்கள். அதையும் வாக்காளர்கள் தோற்கடித்தார்கள். இன்று என்னைப் போல ஒரு மாணவன் நகரிலிருந்து கிளம்பினால் ஆர்ட்ஸ் சென்டர் நிலையம்வரை ரயில், அங்கிருந்து காப் கவுண்டிப் பேருந்து. ஆட்டம் கூடுதல் இன்னிங்ஸுக்கு நீண்டால் அவன் பந்தைப் பார்ப்பானா, கடிகாரத்தைப் பார்ப்பானா?

அடுத்து பணம். சுமார் 30 கோடி டாலர் காப் கவுண்டியின் பொதுப் பணம். அறிவிப்பு வந்தது நவம்பர் 11. கவுண்டி ஆணையர்கள் கைதூக்கி ஒப்புதல் கொடுத்தது நவம்பர் 26. பதினைந்தே நாள்! வீட்டுக்குப் பின்னால் ஒரு மரத்தளம் கட்ட அனுமதி வாங்க நான் அதைவிட அதிக நாள் அலைந்திருக்கிறேன். நான்குக்கு ஒன்று என்ற அந்த வாக்கெடுப்பில் எதிர்த்த ஒரே ஆணையர் லிசா குபிட். மக்களிடம் வாக்கெடுப்பு நடத்தவே இல்லை. மறு ஆண்டு மே மாதக் கூட்டத்தில் பேசுவதற்கிருந்த இடங்களை மைதான ஆதரவாளர்கள் முன்னதாகவே வந்து பிடித்துக்கொள்ள, எதிர்த்துப் பேச வந்தவர்கள் வாய்ப்பில்லாமல் திரும்பினார்கள். வாக்காளர்கள் கடைசியில் ஒரு வழியைக் கண்டுபிடித்தார்கள்: ஒப்பந்தத்தை முடித்துவைத்த ஆணையர் குழுத் தலைவர் டிம் லீயை 2016-இல் அவருடைய சொந்தக் கட்சித் தேர்தலிலேயே வீட்டுக்கு அனுப்பினார்கள். லிசா குபிட் 2020-இல் அதே தலைவர் பதவிக்குத் தேர்ந்தெடுக்கப்பட்டார். ஆனால் மைதானத்துக்காக வெளியிட்ட கடன்பத்திரத்துக்கு வட்டி கட்டுவது நிற்கவில்லை.

எதிர்த்தரப்பில் சொல்வதற்கும் விஷயம் உண்டு. மைதானத்தை ஒட்டி அணியே கட்டிய "பேட்டரி" என்னும் கடைவீதியில் உணவகங்கள், விடுதி, அலுவலகங்கள், அடுக்குமாடி வீடுகள் எல்லாம் நிறைந்திருக்கின்றன. ஆட்டமில்லாத நாளிலும் கூட்டம். அந்த வட்டாரத்தில் சொத்து மதிப்பு ஏறியிருக்கிறது என்று கவுண்டி சொல்கிறது. ஆனால் அதே கவுண்டியில் இருக்கும் கென்னசா மாநிலப் பல்கலைக்கழகத்தின் பொருளியல் பேராசிரியர் ஜே.சி. பிராட்பரி கணக்குப் போட்டுப் பார்த்து, வரவு போக ஆண்டுக்கு ஏறத்தாழ 1.5 கோடி டாலர் கவுண்டிக்கு நட்டம் என்கிறார். எனக்குப் பெரிய வியப்பில்லை. அங்கே நாங்கள் செலவழிக்கும் பணத்தில் பெரும்பகுதி, வேறெங்கோ ஓர் உணவகத்திலோ திரையரங்கிலோ செலவழித்திருக்கக்கூடிய பணம்தானே? இந்தப் பையிலிருந்து எடுத்து அந்தப் பையில் போட்டால் சட்டை கனத்துவிடாது.

அணி ஏன் நகர்ந்தது என்பதற்கான விடையே அந்தக் கடைவீதிதான் என்று நினைக்கிறேன். சொந்த மைதானத்தில் ஆண்டுக்கு 81 ஆட்டம். மிச்ச 284 நாளும் நிலம் சும்மா கிடக்கும். டர்னர் ஃபீல்டைச் சுற்றி இருந்தவை பொதுச் சொத்தான வாகன நிறுத்துமிடங்கள். அவற்றில் கட்டடம் எழுப்பி வாடகை வாங்கும் உரிமை அணியின் கையில் இல்லை. காப் கவுண்டியில் மைதானம் பொது அமைப்பின் சொத்து, கடைவீதி அணியின் சொத்து. கடன் உனக்கு, வாடகை எனக்கு! வியாபாரம் என்று பார்த்தால் கெட்டிக்காரத்தனம். அதை "ரசிகர் வசதி" என்று பெயர் வைத்து விற்றதுதான் கசக்கிறது.

இதுவரை படித்தவர்கள், பாவம், அட்லாண்டா நகரம் ஏமாந்துபோனது என்று நினைக்கலாம். இங்கேதான் என் வாதத்தில் எனக்கே ஓர் இடறல். நகரம் தோற்கவில்லை.

மைதானம் இருந்த சம்மர்ஹில், அமெரிக்க உள்நாட்டுப் போருக்குப் பிறகு விடுதலை பெற்ற கறுப்பின மக்கள் குடியேறிய பகுதி. 1960-களில் நெடுஞ்சாலையும் முதல் மைதானமும் வந்தபோது அவர்களுடைய வீடுகள் இடிக்கப்பட்டன. அன்றைய மேயர் ஐவன் ஆலன், சொந்தமில்லாத நிலத்தில், கையில் இல்லாத பணத்தில், இன்னும் கையெழுத்தாகாத அணிக்காக அந்த மைதானத்தைக் கட்டினோம் என்று பெருமையாகச் சொன்னவர். 1966-இல் மில்வாக்கியிலிருந்து பிரேவ்ஸ் வந்தது. (அதற்கு முன் 1953-இல் பாஸ்டனிலிருந்து மில்வாக்கிக்குப் போனது. இடம்பெயர்வது இந்த அணிக்குப் பரம்பரைப் பழக்கம்.) அடுத்த ஐம்பது ஆண்டு சம்மர்ஹில் மக்களுக்குக் கிடைத்தது வாகன நிறுத்துமிடமும் ஆட்ட நாள் நெரிசலும். நான் 2006-இல் நடந்துபோன ஜார்ஜியா அவென்யூவில் பாதிக் கடைகளுக்குப் பலகை அடித்திருந்தது. தலைக்கு மேல் ஐம்பதாயிரம் பேர் ஆரவாரம், கீழே ஒரு ரொட்டி வாங்கக் கடை இல்லை.

அணி போனது. நான் படித்த பல்கலைக்கழகம் டர்னர் ஃபீல்டை வாங்கி அமெரிக்கக் கால்பந்து மைதானமாக மாற்றிக்கொண்டது. சுற்றியிருந்த காலி நிலத்தில் வீடுகள் எழுந்தன. ஜார்ஜியா அவென்யூவில் உணவகங்கள் திறந்தன, ஒரு பெரிய மளிகைக்கடை வந்தது. அணி கேட்டுக் கேட்டுக் கிடைக்காத பொதுப் போக்குவரத்துகூட, சம்மர்ஹிலுக்கென்று தனித்தடப் பேருந்துத் திட்டமாக அணி போன பிறகுதான் வந்தது. வாடகை ஏறி, பழைய குடும்பங்கள் சில அங்கிருந்து நகர்ந்ததும் இந்தக் கதையில்தான் அடக்கம். இருந்தாலும் மைதானம் போனதற்கு அந்தத் தெரு அழுததாகத் தெரியவில்லை.

ஆகவே "நகரத்திலேயே இருந்திருக்க வேண்டும்" என்று கண்ணை மூடிக்கொண்டு நான் சொல்லவில்லை. 2013-இல் மேயர் காசிம் ரீட் பணத்தை அள்ளிக் கொடுத்து அணியைப் பிடித்து வைக்காமல் விட்டதையும் குறை சொல்லமாட்டேன். (அமெரிக்கக் கால்பந்து அணியின் புது மைதானத்துக்கு அதே ஆண்டில் 20 கோடி டாலர் கொடுக்க அவர் ஒப்புக்கொண்டார் என்பது வேறு கதை. அங்கே மட்டும் கை நீண்டது.) போகட்டும். ஆனால் போகிற அணி தன் பணத்தில் போகட்டும், ரயில் போகிற இடத்துக்குப் போகட்டும், அங்குள்ளவர்களைக் கேட்டுவிட்டுப் போகட்டும். கான்சஸ் சிட்டியில் ராயல்ஸ் பேஸ்பால் அணிக்கு நேர்மாறான ஆசை வந்தது. நகரின் ஓரத்தில் உள்ள மைதானத்தை விட்டு நடுவூருக்கு வரவேண்டும் என்று. அதற்கான வரியை 2024 ஏப்ரலில் ஜாக்சன் கவுண்டி மக்களிடம் வாக்குக்கு விட்டார்கள். மக்கள் மறுத்தார்கள். உள்ளே வருவதோ வெளியே போவதோ, கேட்டால் இப்படித்தான் பதில் வரும் என்று தெரிந்துதான் காப் கவுண்டியில் கேட்கவில்லை.

2021-இல் பேஸ்பாலின் இறுதிப் போட்டியான உலகத் தொடரை பிரேவ்ஸ் வென்றபோது நானும் கத்தினேன், என் மகளும் கத்தினாள். அணிமேல் எனக்குக் கோபம் இல்லை. கோபம் வந்தாலும் ஏப்ரலில் ஆட்டங்கள் வந்தால் மறந்துவிடும்.

போன கோடையில் அவளைப் பழைய இடத்துக்குக் கூட்டிக்கொண்டு போனேன். 1974 ஏப்ரல் 8 அன்று பிரேவ்ஸ் வீரர் ஹேங்க் ஆரன், பழைய நட்சத்திரம் பேப் ரூத்தின் சாதனையைத் தாண்டித் தன் 715-ஆவது ஹோம் ரன்னை (பந்தை வேலி தாண்டி அடிப்பது) அடித்த இடம் அது. டர்னர் ஃபீல்டுக்கு முன் அங்கே இருந்த அந்த முதல் மைதானத்தை இடித்துவிட்டார்கள், பந்து தாண்டிய இடத்தில் மட்டும் ஒரு வேலித்துண்டும் 715 என்ற எண்ணும் நிற்கின்றன. சுற்றிலும் தார் போட்ட வாகன நிறுத்துமிடம். "இங்கே எப்படி வருவீர்கள் அப்பா?" என்று கேட்டாள். நடந்து என்றேன். நம்பவில்லை. காரை அங்கேயே விட்டுவிட்டு, பல்கலைக்கழகம்வரை அவளை நடத்தியே கூட்டிப் போனேன். பாலத்தின் நடுவில் கால் வலிக்கிறது என்று நின்றுவிட்டாள்.