மாத்திரைக்கும் காப்பிக்கும் நடுவே ஒரு மணி நேரம்

என் தாயாருக்குத் தைராய்டு சுரப்பு குறைவு என்று தெரியவந்து ஆறு ஆண்டுகள் ஆகின்றன. 50 மைக்ரோகிராம் மாத்திரையில் தொடங்கினார்கள். தைராய்டு சுரப்பு குறையும்போது ஏறி, மருந்து மிகும்போது இறங்கும் டி.எஸ்.எச். என்ற ஹார்மோனின் அளவு இறங்கவில்லை என்று அது 75 ஆனது, பிறகு 100 ஆனது. ஒவ்வொரு முறையும் புதிய இரத்தப் பரிசோதனை, புதிய சீட்டு. ஆனால் அந்த மாத்திரையை எத்தனை மணிக்கு, எதனுடன் விழுங்குகிறீர்கள் என்று ஒருவரும் கேட்கவில்லை. மகனாகிய நானும் கேட்கவில்லை. சென்ற பொங்கலுக்கு ஊருக்குப் போயிருந்தபோதுதான் கண்ணால் பார்த்தேன். காலை ஐந்தரை மணிக்குக் காப்பியை ஆற்றிக்கொண்டே, தைராய்டு மாத்திரையையும் எலும்புக்கென்று கொடுத்திருந்த கால்சியம் மாத்திரையையும் சேர்த்து வாயில் போட்டு, அந்தக் காப்பியாலேயே விழுங்கினார். மறந்துவிடக் கூடாதே என்று எல்லாவற்றையும் ஒரே வேளையில் முடித்துவிடுகிறாராம்.

அந்தத் தைராய்டு மாத்திரையில் உள்ள மருந்தான லெவோதைராக்ஸின் நன்றாக உறிஞ்சப்படுவதற்கு வெறும் வயிறு வேண்டும். காப்பி அந்த உறிஞ்சலைக் குறைக்கிறது. கால்சியமும் இரும்புச் சத்தும் குடலிலேயே மருந்தைப் பிடித்துக்கொண்டு, அதில் ஒரு பகுதியை இரத்தத்தில் சேரவிடாமல் செய்கின்றன. அதனால்தான் தண்ணீரில் மட்டும் விழுங்கிவிட்டு, அரை மணி முதல் ஒரு மணி நேரம் கழித்துக் காப்பி குடிக்கலாம் என்றும், கால்சியம், இரும்பு மாத்திரைகளுக்கு நான்கு மணி நேரமாவது இடைவெளி விட வேண்டும் என்றும் சொல்கிறார்கள். அப்படிச் சொல்வதற்கு அரை நிமிடம் போதும். அந்த அரை நிமிடம் கிடைக்காததால் என் தாயார் இரண்டு மடங்கு மருந்துக்குப் போனார்.

சர்க்கரை நோயில் இந்தக் குழப்பம் இன்னும் ஆபத்தானது. 2023இல் வெளியான இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் ஆய்வு, நாட்டில் 10.1 கோடிப் பேருக்குச் சர்க்கரை நோய் இருப்பதாக மதிப்பிட்டது. நம் வீடுகளில் அத்தனை மருந்துகளுக்கும் ‘சுகர் மாத்திரை’ என்று ஒரே பெயர்தான். மெட்ஃபார்மின் முக்கியமாகக் கல்லீரல் குளுக்கோஸை உற்பத்தி செய்து வெளியே விடுவதைக் குறைக்கிறது. அதை மட்டும் சாப்பிடுகிறவருக்குச் சர்க்கரை அளவுக்கு மீறித் தாழ்வது அரிது. வயிற்றைப் புரட்டும் என்பதால் உணவோடு சாப்பிடச் சொல்கிறார்கள். கிளிமெபிரைடு அப்படிப்பட்டதன்று. அது கணையத்தைத் தூண்டி இன்சுலினைச் சுரக்க வைக்கிறது, நீங்கள் சாப்பிட்டீர்களா இல்லையா என்று பார்ப்பதில்லை. கிருத்திகைக்கு ஒருபொழுது இருக்கும் பெரியவர், ‘சாப்பாட்டைத்தானே விட்டேன், மாத்திரையை விடவில்லையே’ என்று கடமையாக அதை விழுங்கினால், பதினொரு மணிக்கு வியர்த்து, கை நடுங்கி, பேச்சுக் குழறி விழக்கூடும். வீட்டார் அதை விரத மயக்கம் என்பார்கள். இரண்டு மருந்தும் ஒரே மாத்திரையில் கலந்து வருவது இங்கே மிகச் சாதாரணம். எனவே எது உள்ளே போகிறது என்பதே பலருக்குத் தெரியாது. (மெதுவாகக் கரையும்படி செய்யப்பட்ட மெட்ஃபார்மின் மாத்திரையைப் பெரிதாக இருக்கிறதென்று பொடித்துச் சாப்பிடுகிறவர்களையும் எனக்குத் தெரியும். பொடித்தால் அது செய்யப்பட்ட நோக்கமே போய்விடும்.) பல ஆண்டுகள் மெட்ஃபார்மின் எடுப்பவர்களுக்கு பி12 குறையலாம் என்பதையும் சொல்ல வேண்டும். அந்தக் குறைவாலும் பாதம் எரியலாம் என்பதால், பாத எரிச்சல் எல்லாமே சர்க்கரையால் வந்தது என்று விட்டுவிடக் கூடாது.

என்னை உண்மையிலேயே அச்சுறுத்துவது இன்சுலின் சிரிஞ்சுதான். இந்தியாவில் குப்பியில் வரும் இன்சுலின் பெரும்பாலும் ஒரு மில்லிக்கு 40 யூனிட். பேனாவில் போடும் கார்ட்ரிட்ஜ்கள் பொதுவாக 100 யூனிட். 100 யூனிட் குப்பிகளும் கடைகளில் உண்டு. சிரிஞ்சுகளும் அதற்கேற்ப இருவகை: 40க்குச் சிவப்பு மூடி, 100க்கு ஆரஞ்சு மூடி. 100 யூனிட் மருந்தை 40க்கான சிரிஞ்சில் 20 என்ற கோடு வரை இழுத்தால், உடலில் ஏறுவது 50 யூனிட். மாற்றி இழுத்தால் 20க்குப் பதில் 8தான் ஏறும். இந்த இரண்டரை மடங்கு தவறிலிருந்து காப்பாற்றி நிற்பது ஒரு மூடியின் நிறம். அந்தச் சிவப்பும் ஆரஞ்சும் கண்ணில் புரை விழுந்த முதியவருக்கு எப்படித் தெரியும் என்று யாராவது யோசித்திருக்கிறார்களா?

ஸ்டீராய்டு மாத்திரைகளைப் பற்றித் தனியாகவே எழுதலாம். வாரக்கணக்கில் பிரெட்னிசோலோன் என்ற ஸ்டீராய்டை எடுத்தவரின் உடலில், இயற்கையான ஸ்டீராய்டைச் சுரக்கும் அட்ரீனல் சுரப்பி தன் வேலையைக் குறைத்துக்கொள்கிறது. உடம்பு தேறிவிட்டது என்று அவராகவே திடீரென நிறுத்தினால், அது உயிருக்கே ஆபத்தாக முடியக்கூடும்.

மருத்துவர்களுக்கு நேரமில்லை என்பது உண்மைதான். புறநோயாளிகள் வரிசையைப் பார்த்தவர் எவரும் அதை மறுக்கமாட்டார். அதற்காக ‘1-0-1’ என்ற மூன்று எண்களை மட்டும் கையில் கொடுத்து அனுப்புவதை என்னால் ஏற்க முடியவில்லை. மருந்துக் கடையில் அட்டையைக் கத்தரித்துக் கொடுக்கும்போது பெயரும் காலாவதித் தேதியும் கூடச் சில நேரம் கடையிலேயே தங்கிவிடுகின்றன. மருந்தைப் போட்டுத் தரும் காகித உறையில் ‘வெறும் வயிற்றில், தண்ணீருடன் மட்டும்’, ‘சாப்பிடாத நாளில் இதைப் பற்றி மருத்துவரிடம் கேட்கவும்’ என்று தமிழில் அச்சிட ஆகும் செலவு மிகச் சொற்பம். 2021இல் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் மாத்திரை வீட்டு வாசலுக்கே வருகிறது. கொண்டுவரும் பெண்மணி அந்த வீட்டு அடுக்களையையும் காப்பி நேரத்தையும் அறிந்தவர். எப்படிச் சாப்பிடுகிறீர்கள் என்ற கேள்வியை அவரைவிட நன்றாகக் கேட்கக்கூடியவர் யார்?

என் தாயார் இப்போது ஐந்து மணிக்கு எழுந்து தைராய்டு மாத்திரையைத் தண்ணீரில் விழுங்கிவிட்டு, ஆறு மணிக்குக் காப்பி போடுகிறார். கால்சியம் இரவுச் சாப்பாட்டுக்கு மாறிவிட்டது. எட்டு வாரம் கழித்துப் பார்த்தபோது டி.எஸ்.எச். கீழ் எல்லைக்கும் கீழே போயிருந்தது; மருத்துவர் 100ஐ 75 ஆக்கியிருக்கிறார், அடுத்த பரிசோதனைக்குப் பின் இன்னும் குறைக்கலாம் என்கிறார். அந்த ஒரு மணி நேரக் காத்திருப்பைப் பற்றி மட்டும் தாயாருக்கு இன்னும் புகார் உண்டு.