ராத்திரி இரண்டு மணிக்கு யார் வருவார்கள்?

ஞாயிற்றுக்கிழமை அத்தையை அழைத்துக்கொண்டு காட்பாடி தாண்டி அந்த மூத்தோர் குடியிருப்பைப் பார்க்கப் போனதும், அங்கே மேலாளர் சொன்னதும் இங்கே பலருக்கும் தெரியும். "இவ்வளவு கேள்வி கேக்கறவங்க வீட்டுலயே வெச்சுப் பாத்துக்கலாமே மேடம்." அத்தை பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்திருக்கும்போதே சொன்னார். அன்றைக்குக் கோபத்தில் நாலு வரி எழுதிவிட்டு நிறுத்திவிட்டேன். இப்போது சொந்தக்காரர்களே "அவர் கேட்டதுல என்ன தப்பு" என்று ஆரம்பித்திருப்பதால் முழுசாகவே சொல்லிவிடுகிறேன்.

நான் திரும்பத் திரும்பக் கேட்டது ஒரே கேள்விதான். ராத்திரி இரண்டு மணிக்கு அத்தை பாத்ரூமில் விழுந்தால் யார் வருவார்கள்?

பதில் வரவில்லை. பிள்ளையார் கோயில் இருக்கிறது என்றார். நடைப்பயிற்சிக்குப் பாதை, மூலிகைத் தோட்டம், ஸ்ரீபுரம் பொற்கோயிலுக்கு வேன் என்று ஒவ்வொன்றாகச் சொன்னார். எல்லாம் நல்ல விஷயம்தான், அத்தைக்கும் பிடித்திருந்தது. ஆனால் நான் கேட்டது அதை இல்லையே.

அந்தக் கேள்வி எங்கிருந்து வந்தது என்று கேட்பவர்களுக்குச் சொல்கிறேன். போன மார்கழியில் அத்தை கொசப்பேட்டை வீட்டில் நடுராத்திரியில் விழுந்தார். கதவு உள்பக்கம் தாழ்ப்பாள். போன் கட்டில் மேலே. கத்தியிருக்கிறார், பக்கத்து வீட்டில் எல்லோரும் நல்ல தூக்கம். மார்கழியில் பொழுது விடிவதற்குள் கோலம் போட்டு முடித்துவிடுகிறவர் அவர். அன்றைக்கு வாசல் வெறிச்சென்று கிடப்பதைப் பார்த்து, பால் பாக்கெட் போடுகிறவர்தான் சந்தேகப்பட்டுக் கதவைத் தட்டினார். அதுவரை ஈரத் தரையில், அந்தக் குளிரில் கிடந்திருக்கிறார். இடுப்பு எலும்பு முறிந்திருந்தது. அதற்குப் பிறகு எனக்கு ராத்திரியில் சரியான தூக்கம் கிடையாது. அத்தைக்கும்தான்.

சரி, அறைக்கு வருகிறேன். புது டைல்ஸ், பெரிய ஜன்னல், எல்லாம் பளிச்சென்று இருந்தது. பாத்ரூமில் அழைப்பு மணியும் வைத்திருந்தார்கள். எங்கே? வாஷ்பேசின் கண்ணாடிக்குப் பக்கத்தில், என் தோள் உயரத்துக்கு. தரையில் விழுந்து கிடக்கிறவருக்கு அது எப்படி எட்டும்? தரைவரைக்கும் தொங்குகிற ஒரு கயிறோ, முழங்கால் உயரத்தில் இன்னொரு பட்டனோ வைக்க எவ்வளவு செலவாகிவிடும்? நான் அழுத்திப் பார்த்தேன். யாரும் வரவில்லை. மறுபடி அழுத்தினேன். ரொம்ப நேரம் கழித்து ஒரு சின்னப் பெண் கையில் துடைப்பத்தோடு எட்டிப் பார்த்தது. "அது ஆபீஸ்லதான்க்கா அடிக்கும்." ராத்திரியில் ஆபீஸில் யார் இருப்பார்கள் என்று கேட்டேன். "வாட்ச்மேன் அண்ணன் கேட்டாண்ட இருப்பாரு." அவர்கள் பெருமையாகக் காட்டிய அந்தத் தோட்டம் முழுக்க கேட்டுக்கும் ஆபீஸுக்கும் நடுவில்தான் இருக்கிறது. அதைத் தாண்டி அந்த மணி அவருக்கு எப்படிக் கேட்கும்?

இதையெல்லாம் நானாகக் கண்டுபிடித்துக் கேட்கவில்லை. ஓய்வுக்கால இல்லங்களுக்கென்று மத்திய வீட்டுவசதி அமைச்சகம் 2019-இலேயே மாதிரி வழிகாட்டு நெறிமுறைகள் வெளியிட்டிருக்கிறது. வழுக்காத தரை, பிடித்துக்கொள்ளக் கம்பி என்று தொடங்கி, கட்டுபவர், சேவை நடத்துபவர், குடிவருபவர் மூவருக்கும் இடையிலான ஒப்பந்தம் வரை அதில் இருக்கிறது. மேலாளரிடம் சொன்னேன். சிரித்தார்.

அடுத்தது ஆஸ்பத்திரி. "சிஎம்சி பக்கத்துலதான் மேடம், கவலையே படாதீங்க." எந்த சிஎம்சி? கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரிக்கு ஒன்றுக்கு மேல் வளாகம் என்பது வேலூர்க்காரர்களுக்குத் தெரியும். டவுனில் இருக்கிற பழைய வளாகம் வேறு, 2022-இல் திறந்த ராணிப்பேட்டை வளாகம் வேறு. விபத்துக் காயங்களைப் பார்க்கும் மையம் இருப்பது ராணிப்பேட்டையில், நெடுஞ்சாலைப் பக்கம். எலும்பு முறிந்தவரை எங்கே கொண்டு போவது என்று ராத்திரிப் பணியில் இருக்கிறவருக்குத் தெரிந்திருக்க வேண்டாமா? 108-ஐக் கூப்பிடுவது யார்? கூடவே வண்டியில் ஏறுவது யார்? மறுபடியும் அதே கேள்விதான். யார் வருவார்கள்?

ஒப்பந்தத்தைக் கேட்டு வாங்கிப் படித்தேன். உள்ளே ஒரு வரி. பிறர் உதவியில்லாமல் நடமாட முடியாத நிலை வந்தால் குடும்பத்தார் உடனே அழைத்துச் செல்ல வேண்டுமாம். நடமாட்டம் இருக்கும்வரை மாதா மாதம் பணம் வாங்குவார்கள். படுக்கையில் விழுந்தால் கூட்டிக்கொண்டு போ என்பார்கள். உதவி தேவைப்படப் போகிறதே என்றுதானே இடமே தேடுகிறோம்? படுத்த படுக்கையானவர்களையும் மறதி நோய் வந்தவர்களையும் வைத்துப் பார்க்கிற இடம் வேறு, தானாக நடமாடுகிறவர்களுக்கான இடம் வேறு என்றால் அதை முதல் நாளே சொல்லட்டும். முன்பணம் எத்தனை நாளில் திரும்பி வரும் என்பதும் அதில் இல்லை.

"ஆள் கிடைக்கிறதில்லை, அவங்களும் என்ன பண்ணுவாங்க" என்று ஒரு நண்பர் எழுதியிருந்தார். உண்மைதான். ராத்திரி வேலைக்கு ஆள் வைப்பது கஷ்டம். அப்படியானால் ஆள் இல்லை என்று சொல்லிவிடுங்கள், நாங்கள் வேறு இடம் பார்த்துக்கொள்கிறோம்.

ஆனால் "வீட்டுலயே வெச்சுப் பாத்துக்க வேண்டியதுதானே" என்பதற்கு நான் பதில் சொல்லியே ஆக வேண்டும். சத்துவாச்சாரியில் என் வீடு முதல் மாடி, லிஃப்ட் கிடையாது. காலையில் வேலைக்குப் போனால் இருட்டித்தான் வருவேன். ஆபரேஷனுக்குப் பிறகு அத்தை என்னோடுதான் இருந்தார். அவருக்குப் படி இறங்க முடியவில்லை, பகல் முழுக்க நாலு சுவருக்குள்ளேயே இருந்தார். அவராகத்தான் சொன்னார், "எனக்கு வயசுக்குத் தகுந்த மனுஷங்களோட பேசணும் கண்ணு, இப்படியே ஜன்னலப் பாத்துக்கினு இருக்க முடியாது." இடம் பார்க்கச் சொன்னதே அவர்தான். குடியாத்தம் பக்கத்துப் பள்ளிகளில் காலமெல்லாம் பாடம் நடத்தியவர், சொந்தப் பென்ஷன் வாங்குகிறவர். அவருக்கு என்ன வேண்டும் என்று முடிவு செய்ய அவருக்கு உரிமை இல்லையா? அந்த மேலாளரும் சரி, நம் உறவுகளும் சரி, ஒருவர்கூட அவரைப் பார்த்து ஒரு வார்த்தை கேட்கவில்லையே.

வீட்டிலேயே வைத்துப் பார்க்கச் சொல்கிறவர்களில் ஆபரேஷன் சமயத்தில் ஒரு ராத்திரி ஆஸ்பத்திரியில் துணைக்குப் படுத்தவர்கள் யார்? பகலில் ஆப்பிள் வாங்கிக்கொண்டு வந்தார்கள், நன்றி. ராத்திரி ஒருத்தரும் வரவில்லை. இதை எழுதக் கூடாது என்றுதான் இத்தனை நாள் இருந்தேன். கொசப்பேட்டை வீட்டை அத்தை விற்றுவிடுவாரோ என்ற பேச்சு வந்த பிறகுதானே எல்லோருக்கும் பாசம் பொங்குகிறது? "என் பேருக்கு எழுதிக் குடுக்கட்டும், நான் பாத்துக்கறேன்" என்று ஒருவர் சொல்லியிருக்கிறார். பார்த்துக்கொள்வதாக இருந்தால் அதைப் பத்திரத்திலேயே நிபந்தனையாகப் போடுங்கள். பெற்றோர், மூத்த குடிமக்கள் பராமரிப்புக்கான 2007-ஆம் வருடத்துச் சட்டத்தில் 23-ஆம் பிரிவு இருக்கிறது. அப்படி எழுதி வாங்கிவிட்டுப் பார்த்துக்கொள்ளாவிட்டால், கோட்டாட்சியர் தலைமையில் இருக்கிற தீர்ப்பாயம் அந்தப் பத்திரத்தையே செல்லாது என்று சொல்ல முடியும். இதைச் சொன்னதும் அந்தப் பேச்சு நின்றுபோனது.

அத்தை அழவில்லை. திரும்பி வரும்போது ஆட்டோவில் ஒன்றும் பேசாமல் வந்தார், கிரீன் சர்க்கிள் வந்ததும் மட்டும் கேட்டார். "நான் அவ்ளோ பாரமாவா இருக்கேன்?" நான் என்ன சொல்வது? ஒரு ஆள் வாயிலிருந்து வந்த வார்த்தைக்கு இந்த வயதில் இவர் ஏன் இப்படிக் கேட்க வேண்டும்?

இடம் தேடுவதை நாங்கள் விடப்போவதில்லை. இனி எந்த இடமாக இருந்தாலும் முதலில் விருந்தினராக ஒரு ராத்திரி தங்கிப் பார்த்துவிட்டுத்தான் பணம் கட்டுவேன் என்று அத்தை சொல்லிவிட்டார். அவர் சொல்வதுதான் சரி. காட்பாடி, பாகாயம், ராணிப்பேட்டை பக்கம் உங்கள் வீட்டுப் பெரியவர்கள் இப்படி ஒரு இடத்தில் ஒரு வருடமாவது இருந்திருந்தால் எனக்கு உள்பெட்டியில் எழுதுங்கள். ராத்திரிப் பணியில் எத்தனை பேர், அதில் பெண்கள் இருக்கிறார்களா, உடம்பு முடியாமல் போனபோது எப்படி நடந்துகொண்டார்கள், கோடையில் கரண்ட் போனால் அறை மின்விசிறி ஓடுமா என்று தெரிய வேண்டும். ஒப்பந்த நகல் இருந்தால் பெயர், தொகையை மறைத்துவிட்டு அனுப்புங்கள், அத்தையே படித்துப் பார்க்கிறேன் என்கிறார்.