சிபியு 80 சதவீதம் என்றால் மீதி 20தானா?

"சிபியு பயன்பாடு 80 சதவீதம் காட்டினால், இன்னும் 20 சதவீதத் திறன்தான் மிச்சம்" என்று ஒரு தகவல் சுற்றுகிறது. இது தவறு. லினக்ஸ் இயங்குதளத்தின் 'டாப்' கருவி காட்டுவது ப்ராசஸர் (அதாவது சிபியு) சும்மா இல்லாமல் இருந்த நேரத்தின் பங்கை மட்டுமே. அந்த நேரத்தில் அது எந்த வேகத்தில் ஓடியது என்பது அந்த எண்ணில் இல்லை.

4 கிகாஹெர்ட்ஸ் வரை போகக்கூடிய ப்ராசஸர், மின்சாரத்தை மிச்சப்படுத்த 1 கிகாஹெர்ட்ஸில் ஓடுகிறது என்று வைத்துக்கொள்வோம். அங்கே 80 காட்டிய அதே வேலை, முழு வேகத்தில் சுமார் 20தான் காட்டும். (நினைவகத்துக்காகக் காத்திருக்கும் வேலை என்றால் அவ்வளவு குறையாது.) பாவம், அந்தத் தகவலை நம்பித் தேவையில்லாமல் புது சர்வர் வாங்குகிறவர்களும் உண்டு.

அப்புறம், விண்டோஸின் 'ப்ராசஸர் யுட்டிலிட்டி' அளவீடு வேகத்தையும் சேர்த்துக் கணக்கிடுகிறது. அடிப்படை வேகத்தோடு ஒப்பிடுவதால், டர்போவில் (ப்ராசஸர் அடிப்படை வேகத்தைவிட வேகமாக ஓடும்போது) அது 100ஐத் தாண்டலாம். அது பிழையல்ல.