105 டிகிரி மட்டும் போதாது

105 டிகிரி செல்சியஸ் வெப்பம் வரை தாங்கும் ரகக் கெப்பாசிட்டர் (மின்தேக்கி) போட்டால், அடாப்டர்களில் இருக்கும் எஸ்.எம்.பி.எஸ். எனப்படும் மின்வழங்கி பழுதாகாது என்று நான் படித்த ஒரு கட்டுரை முடித்துவிடுகிறது. அது பாதி உண்மைதான். 2000 மணி நேரம் என்று குறிப்பிட்டிருந்தால் அது 105 டிகிரியில் கிடைக்கும் ஆயுள்; இடைவிடாது ஓடுவதாகக் கணக்கிட்டால் மூன்று மாதம்கூட இல்லை! 10 டிகிரி குறையும்தோறும் ஆயுள் ஏறத்தாழ இரட்டிப்பாகும். ஆகவே முதலில் பார்க்க வேண்டியது கெப்பாசிட்டர் எவ்வளவு சூடான இடத்தில் நிற்கிறது என்பது.

சென்ற வாரம் நான் திறந்த அடாப்டரில் வெளியீட்டுக் கெப்பாசிட்டர் ஹீட்சிங்கை (சூட்டை வெளியேற்றும் உலோகத் தகட்டை) ஒட்டியே நின்றது. தலை உப்பி, அடியில் பழுப்புக் கறை. பக்கத்தில் இருந்த இன்னொன்று உப்பவே இல்லை. அதன் மைக்ரோஃபாரட் அளவும் (கொள்ளளவு) சரியாகவே காட்டியது. ஆனால் ஈ.எஸ்.ஆர். எனப்படும் உள்தடை பல மடங்கு ஏறியிருந்தது. சிற்றலை மின்னோட்டம், அதாவது கெப்பாசிட்டருக்குள் ஏறி இறங்கிப் பாயும் மின்னோட்டம், அந்தத் தடை வழியாகப் பாயும்போதுதான் உள்ளேயே சூடு பிறக்கிறது. வாங்கும்போது தயவுசெய்து அந்தச் சிற்றலை மின்னோட்ட வரம்பையும் பாருங்கள்.